ஓ.கே. ஜாஸ்: ஆட்டமும் அதிகாரமும்

கொங்கோ ரும்பாவை வெறும் ஆட்டத்துக்கான இசையாகவே ஐரோப்பிய இசைத்தட்டுச் சந்தை பெரும்பாலும் விற்றது. லிங்காலா தெரியாத காதுக்கு அது அப்படித்தான் கேட்கும். மொழி தெரிந்தவருக்கோ இப்பாடல்கள் ஒரு நாட்டின் அரசியல் வரலாறும்கூட.

1956 இல், பெல்ஜிய ஆட்சியின் கீழிருந்த லெயோபோல்ட்வில்லில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், ஓ.கே. பார் என்ற மதுச்சாலையில் வாசித்த இளைஞர்கள் அமைத்த குழு ஓ.கே. ஜாஸ். கிட்டார் வாசித்த பிராங்கோ லுவாம்போவுக்கு அப்போது 17 வயது. பாடல்களைப் பதிவுசெய்த லோனிங்கிசா நிறுவனம் கிரேக்க வணிகருடையது. இசையின் ஊற்றுகளில் ஒன்று கியூபா. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரின் தாளம், இசைத்தட்டுகளில் ஏறி ஆபிரிக்காவுக்கே திரும்பி வந்தது. கியூபாவில் பியானோ செய்த வேலையைக் கொங்கோவில் கிட்டார் எடுத்துக்கொண்டது. பாட்டு மெதுவாகத் தொடங்கும். பிற்பகுதியான செபெனில் கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்தும். ஆட்டம் சூடுபிடிப்பது அங்கேதான்.

1965 இல் மொபுட்டு இராணுவச் சதியால் ஆட்சியைக் கைப்பற்றினார். 1966 ஜூனில் நான்கு அரசியல்வாதிகள் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் பிராங்கோ ஒரு சூனியக்காரனைப் பற்றி 'லுவும்பு ந்டோகி' என்ற பாடலைப் பாடினார். அந்தச் சூனியக்காரன் யாரென்று ஆட்சியாளருக்கு விளங்கியது, பாடல் தடைசெய்யப்பட்டது. இவ்வாறு மறைமுகமாகக் குத்திக்காட்டும் மரபை லிங்காலாவில் ம்ப்வாகேலா என்பர்.

இதே பிராங்கோதான் 1970களில் மொபுட்டுவின் பண்பாட்டுக் கொள்கைக்குப் பிரசாரகராகவும் இருந்தார். நாட்டின் முக்கிய இசைத்தட்டு ஆலை அவர் கைக்கு வந்தது. 1978 இல் ஆபாசப் பாடல்களுக்காக அதே அரசு அவரைச் சிறையிலடைத்தது. 1984 இல், மொபுட்டு மட்டுமே வேட்பாளராக நின்ற தேர்தலுக்கு, அவரே எங்கள் வேட்பாளர் என்று பாடினார். 1987 இல் எயிட்ஸ் பற்றி மக்களை எச்சரித்தார். 1989 இல் அவர் பெல்ஜியத்தில் இறந்தபோது அரசு தேசிய துக்கம் அனுட்டித்தது.

துரோகி, தியாகி என்ற இரண்டு சொற்களுக்குள் மனிதரை அடக்கிப் பழகிய எமக்கு இந்த வாழ்க்கை இடைஞ்சலானது. விலைபோனவர் என்றால் 1966 இன் பாடலை என்ன செய்வது? மக்கள் கலைஞர் என்றால் 1984 இன் பாடலை எங்கே ஒளிப்பது? சர்வாதிகாரத்தின் கீழ் பெரியதொரு குழுவை 20 ஆண்டுகளுக்கு மேல் கட்டிக்காத்ததற்கு அவர் கொடுத்த விலை அந்தப் புகழ்பாட்டு. அதை மன்னிக்கவேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது.

மொபுட்டு 1997 இல் நாட்டைவிட்டு ஓடினார். 2021 இல் யுனெஸ்கோ கொங்கோ ரும்பாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. அந்த மரபில் இரண்டு பாடல்களும் அடக்கம். இரண்டையும் சேர்த்துக் கேட்பதே நேர்மையான வரலாறு.