தகவலுக்கான உரிமைச் சட்டம் (இலங்கை)

அரச நிறுவனங்களிடம் உள்ள தகவலைக் குடிமக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2015இல் 19ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த 14அ உறுப்புரை இதன் அடிப்படை. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிலிமத்தலாவையில் வசிப்பவர் ஒருவர், தம் வீதியைச் செப்பனிட ஒதுக்கிய தொகை எவ்வளவு என யட்டிநுவர பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். கோருபவரின் உயிர், தனிமனிதச் சுதந்திரம் தொடர்பானதெனில் 48 மணித்தியாலம். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தேசிய பாதுகாப்பு, தனிநபர் அந்தரங்கம் முதலியன விதிவிலக்குகள். ஆயினும் பொதுநலன் மேலோங்குமிடத்து அவற்றையும் மறைக்க இயலாது. சட்டத்தின் மிக வலுவான கூறு இதுவே. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனியே இயற்றப்பட்டது.