கதிரையைச் செய்த கை



ஜேர்மனியின் வைல் அம் ரைன் நகரில் விட்ரா டிசைன் மியூசியம் என்றொரு நூதனசாலை இருக்கிறது. 1989 இல் திறந்தார்கள். அங்கே முக்கியமான காட்சிப் பொருள் கதிரைதான். கதிரையைப் பார்க்க டிக்கட் எடுத்து வரிசையில் நிற்பார்களா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு கதிரையோடும் அதை வடிவமைத்தவரின் பெயர் இருக்கும். பெரிய மனிதர் யார் அதில் உட்கார்ந்தார் என்பது அங்கே இரண்டாம் பட்சம்.

அந்தக் கண்ணோடு நம் நாட்டுக் கதிரைகளையும் ஒருமுறை பார்ப்போமா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நாற்காலி என்பார்கள். நாம் கதிரை என்கிறோம். இது போர்த்துக்கேயரின் 'கடெய்ரா' என்ற சொல்லில் இருந்து வந்தது. மேசையும் அலுமாரியும் அதே கப்பலில் வந்த சொற்கள்தான். அதற்கு முன் நம்மவர்கள் பாயிலும் திண்ணையிலும் முக்காலியிலும் உட்கார்ந்தார்கள். அந்த முக்காலியும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் தப்பிச் சென்று எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. ஆசனத்தில் அமரும் உரிமை சாதியைப் பொறுத்தது, கீழே வைக்கப்பட்டவர்களுக்கு அது இல்லை என்று அதில் எழுதுகிறார். உட்காருவது அன்று ஓர் அந்தஸ்து. நிற்பது ஒரு தண்டனை.

இந்த நாட்டின் மிகப் பெரிய கதிரை கண்டி அரசர்களின் சிம்மாசனம். கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ 1693 இல் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. மரத்தின் மேல் பொற்தகடு, கை வைக்கும் இடத்தில் சிங்கங்கள், முதுகுப் பக்கத்தின் உச்சியில் சூரியன். 1815 இல் கண்டி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் இதை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். வின்ட்சர் மாளிகையில் இருந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் கைதியாக இருந்து 1832 இல் இறந்தான். கதிரை மட்டும் 1934 இல் திரும்பி வந்தது. குளொஸ்டர் கோமகன் கொண்டு வந்து ஒப்படைத்தார்.

அதே வான் ரீ குடியிருந்த வீடுதான் புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலையாக 1982 இல் திறக்கப்பட்டது. கருங்காலி, முதிரை போன்ற நம் நாட்டு மரங்களும், பிரம்புப் பின்னலும், ஒல்லாந்தரின் வடிவமும் சேர்ந்து எப்படி ஒரு புது வகைத் தளபாடம் பிறந்தது என்பதற்கு அந்தக் காலப் பொருட்கள் சாட்சி. வடிவம் அவர்களுடையது. மரமும் உளியும் வியர்வையும் இந்த மண்ணுடையவை.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது கொடுத்த ஆளுநரின் பெயரையும் பெற்ற மன்னனின் பெயரையும்தான். இழைப்புளி பிடித்தவனைப் பற்றி பரீட்சையில் கேள்வி வருவதில்லை. இந்த மறதி நம்மோடு மட்டும் நிற்கவில்லை. சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் 17ஆம் நூற்றாண்டில் கருங்காலிக் கதிரைகள் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹொரஸ் வோல்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் அப்படியான கதிரைகளைத் தேடித் தேடி வாங்கித் தன் மாளிகையில் வைத்தார். அவை இங்கிலாந்தின் டியூடர் அரசர்கள் காலத்தவை என்று உறுதியாக நம்பினார். சோழமண்டலக் கரையின் வேலை அது என்று ஆய்வாளர்கள் பிற்காலத்தில்தான் காட்டினார்கள். செய்தவன் பெயர் போனால் பின்னால் ஊரின் பெயரும் போய்விடும்.

பெயர் நிலைத்த ஒருவரும் நம்மிடம் இருக்கிறார். அந்தச் சிம்மாசனம் இருக்கும் கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரி 1 இல் ஆளுநர் வில்லியம் கிரகரியால் திறக்கப்பட்டது. வரைபடம் ஜே. ஜி. ஸ்மித்தருடையது. கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். ஊரார் 'மரிக்கார் பாஸ்' என்றார்கள். பாஸ் என்பதும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்தான். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, ஜும்ஆ தினத்தில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக நம்மவர் மத்தியில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பின்பு சிம்மாசனத்தைப் பார்வைக்கு வைத்த காலத்தில், வெள்ளிக்கிழமையும் திறப்பதற்கு அவருடைய வழித்தோன்றல் சேர் ராசிக் பரீதிடம் சம்மதம் கேட்டார்கள் என்றும் சொல்வார்கள். ஒரு கட்டட வேலைக்காரரின் குடும்பத்திடம் அனுமதி கேட்கப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

பிறகு கதிரையின் காலம் மாறியது. 1859 இல் வியன்னாவின் மிக்கேல் தோனெட், பீச் மரத்தை நீராவியில் வளைத்து, ஆறு துண்டும் பத்துத் திருகாணியும் இரண்டு நட்டும் கொண்டு ஒரு கதிரை செய்தார். கழற்றினால் ஒரு கனமீற்றர் பெட்டிக்குள் 36 கதிரைகள். கதிரை முதன்முறையாகச் சாதாரண மனிதனின் விலைக்கு இறங்கியது. 1972 இல் பிரான்சின் ஹென்றி மசொனே ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டு வந்தார். இன்று நம் நிக்காஹ் வீட்டிலும் மையித்து வீட்டிலும் அடுக்கி வைத்திருக்கும் வெள்ளைக் கதிரை அதன் வாரிசு. விட்ரா அதற்காகவே 2017 இல் ஒரு கண்காட்சி வைத்தது. அதைக் குறைவாக எண்ண வேண்டாம். முதலாளியும் கூலியாளும் ஒரே மாதிரிக் கதிரையில் உட்காரும் நிலையை அதுதான் கொண்டு வந்தது.

ஆனால் அதற்கு ஒரு விலை கொடுத்தோம். வீட்டில் இருந்த சாய்மனைக் கதிரையின் பிரம்பு அறுந்ததும், பின்னத் தெரிந்தவர் இல்லை என்று பழைய சாமான்காரருக்குக் கொடுத்து விட்டோம். ஊரில் ஓடாவிமாரின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. கணிதத்தில் குறைந்த புள்ளி எடுத்த மகனைப் பார்த்து, "தச்சு வேலைக்குத்தான் போகப் போறாய்" என்று ஏசுகிறோம். கோணமும் அளவும் அறியாதவனால் ஒரு கதிரைக் காலைக்கூட நேராக நிறுத்த முடியாது.

நமது மார்க்க வரலாறு இதில் தெளிவாக இருக்கிறது. மதீனாப் பள்ளியில் நபி (ஸல்) அவர்கள் அமர்ந்து உரையாற்றிய மிம்பர், ஓர் அன்சாரிப் பெண்மணியிடம் இருந்த தச்சரான அடிமை செய்தது. காட்டு மரத்தில், மூன்று படிகளாக. ஸஹீஹுல் புகாரி அந்தத் தச்சரை விட்டுவிடாமல் பதிந்து வைத்திருக்கிறது. ஓர் அடிமையின் கைவேலையைக் கிரந்தத்தில் எழுதி வைத்த சமூகம் நாம்.

எனவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கதிரை இருந்தால் விற்கும் முன் வாப்பாவிடமோ மூத்தம்மாவிடமோ கேளுங்கள்: என்ன மரம், எந்த ஆண்டு, எந்த ஓடாவி செய்தார்? பதிலைப் பிள்ளையின் கையால் ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். ஊரில் இன்றும் வேலை செய்யும் ஓடாவியாரைப் பாடசாலைக்கு அழைப்போம். அவர் வரும்போது முன் வரிசையில் ஒரு கதிரை போடுவோம்.