ஐந்தாம் பாரை நோக்கி: சார்லி பார்க்கரின் ப்ளூஸில் ஹார்மனியும் மெட்டும்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வாய்மொழிப் பாட்டாக வழங்கி வந்து, 1912-இல் டபிள்யூ. சி. ஹாண்டி வெளியிட்ட 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' போன்ற அச்சுப் பிரதிகளால் ஊரறிந்த ப்ளூஸ் என்னும் வடிவம், நாற்பது ஆண்டுகளுக்குள் பீபாப் என்னும் ஜாஸ் பாணி வித்வான்களின் கையில் எவ்வாறு உருமாறியது என்று விளக்கப் புகுவோர், மூன்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) இருந்த இடத்தில் இருபது கார்டுகள் வந்து அமர்ந்தன என்னும் கணக்கோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். கணக்கு தவறில்லை, ஆயினும் அந்தக் கார்டுகள் எந்த இடத்தில், என்ன பிரயோஜனம் கருதிப் பெருகின என்று விசாரித்தால்தான் விஷயத்தின் ஜீவன் பிடிபடும். ஐந்தாம் பாரை எப்படிச் சென்றடைவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே இந்தப் பரிணாமம் நிகழ்ந்தது என்பது என் துணிபு.

ப்ளூஸின் ஆதி ஸ்வரூபம் எளிமையானது. நான்கு அட்சரம் கொண்ட பார்கள் பன்னிரண்டு. முதல் நான்கிலும் ஷட்ஜத்தின் மீது எழும் கார்டு, ஐந்திலும் ஆறிலும் மத்யமக் கார்டு, அடுத்த இரண்டில் மீண்டும் ஷட்ஜம், ஒன்பதிலும் பத்திலும் பஞ்சமமும் மத்யமமும், கடைசி இரண்டில் ஷட்ஜத்தில் வந்து இளைப்பாறல். பாடுபவரோ அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவே நிலைகொள்ளாது அசையும் ஒரு காந்தாரத்தைப் பற்றிக்கொண்டிருப்பார். முதல் நான்கு பார்களில் கார்டிலுள்ள அந்தர காந்தாரத்தோடு அது உராய்கிறது. ஐந்தாம் பாரில் மத்யமக் கார்டு ஏழாம் சுரத்தோடு வரும்போது, சாதாரண காந்தாரம் அந்தக் கார்டுக்கே உரிய அங்கமாகிவிடுவதால், அதுவரை முரண்பட்டுக் கிடந்த சுரம் சட்டென்று வீடு திரும்பியதுபோல் ஒலிக்கிறது. ப்ளூஸின் ரசம் பெரும்பாலும் இந்த ஒரு திருப்பத்தில்தான் இருக்கிறது.

1920-இல் பிறந்து கான்சாஸ் சிட்டியில் வளர்ந்த சார்லி பார்க்கர், இந்த மரபை வீதியிலேயே கேட்டுப் பழகியவர். கவுண்ட் பேசியின் 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' (1937) காட்டுவதுபோல, அந்நகரத்து வாத்தியக் குழுக்கள் சிறு துணுக்கொன்றைத் திரும்பத் திரும்ப வாசித்து அதன்மேல் தனி வாசிப்பைக் கட்டும் சம்பிரதாயத்தைக் கைக்கொண்டிருந்தன. 1941-இல் ஜே மெக்ஷான் குழுவோடு பதிவான 'ஹூட்டி ப்ளூஸ்' என்னும் இசைத்தட்டில் இளைஞர் பார்க்கரின் வாசிப்பு, அந்த மரபுக்குள் நின்றுகொண்டே வேறு திசையை நோக்குவதைச் செவியுள்ளவர் உணரலாம். மறு ஆண்டு ஆகஸ்டில் வாத்தியக்காரர் சங்கம் இசைத்தட்டுப் பதிவுக்கு விதித்த தடையினால், ஹார்லெமின் மின்டன்ஸ் போன்ற இரவு விடுதிகளில் புதிய பாணி உருவான காலத்தின் பெரும்பகுதி பதிவின்றியே கழிந்தது.

1945 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் சவாய் நிறுவனத்துக்காகப் பார்க்கர் எஃப் சுருதியில் இரண்டு ப்ளூஸ்களைப் பதிவு செய்தார். 'நவ்ஸ் தி டைம்' பழைய துணுக்கு முறையிலேயே அமைந்தது. அதன் மெட்டு 1949-இல் 'ஹக்கில்பக்' என்னும் ஆட்டப் பாட்டாக ஊரெங்கும் ஒலித்ததே அதன் எளிமைக்குச் சான்று. 'பில்லீஸ் பவுன்ஸ்' சற்று வளைந்து நெளிந்து செல்கிறது. ஆயினும் சாதாரண காந்தாரத்தைத் தொட்டு உடனே அந்தரத்துக்கு ஏறும் பிடி அதில் பழைய பாடகர்களை நினைவூட்டுகிறது. இரண்டிலும் கார்டுகளின் சட்டகம் பெரும்பாலும் பழையதே; புதுமை மெட்டின் போக்கிலும், அழுத்தங்கள் தாளத்தின் எதிர்பாராத அட்சரங்களில் விழுவதிலும் இருந்தது.

சட்டகமே மாறியதைக் காண, 1951 ஆகஸ்ட் 8 அன்று ரெட் ராட்னி, ஜான் லூயிஸ், ரே பிரவுன், கென்னி கிளார்க் ஆகியோர் உடனிருக்கப் பதிவான 'ப்ளூஸ் ஃபார் ஆலிஸ்' என்னும் உருப்படிக்கு வர வேண்டும். சுருதி அதே எஃப். முதல் பாரில் ஷட்ஜக் கார்டு ஒலித்தவுடன், இரண்டாம் பாரில் ஈ, ஏ. மூன்றில் டி, ஜி. நான்கில் சி, எஃப் என்று, ஒவ்வொரு கார்டும் தனக்கு நான்காம் இடத்திலுள்ள கார்டைத் தேடிச் செல்லும் நியதியில் ஆறு தாவல்கள் நடந்து, ஐந்தாம் பாரில் பி ஃபிளாட்டாகிய மத்யமம் வந்து சேர்கிறது. முன்பு நான்கு பார்கள் அசையாமல் காத்திருந்து எட்டிய அதே இடத்துக்கு இப்போது படிப்படியாக வழி போடப்பட்டிருக்கிறது.

இந்தச் சங்கிலியின் உட்புறத்தை இன்னும் நெருங்கிப் பார்ப்பது தகும். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் கார்டின் ஏழாம் சுரம் அரைச்சுரம் இறங்கி அடுத்த கார்டின் மூன்றாம் சுரமாகிறது. அவற்றை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாகப் பாடிப் பார்த்தால், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம், பிரதி மத்யமம், சுத்த மத்யமம், அந்தர காந்தாரம் என இடைவெளியே இல்லாத ஓர் இறக்கம் கிடைக்கிறது. ஐந்தாம் பாரின் கார்டு ஏழாம் சுரத்தோடு வாசிக்கப்படும்போது, அடுத்த அடி சாதாரண காந்தாரத்திலேயே விழுகிறது. பண்டைய பாடகர் கண்டத்தால் அசைத்துப் பெற்ற காந்தாரத்தின் வீழ்ச்சி, இங்கே ஆறு படிகளுக்குப் பின் தர்க்கத்தின் முடிவாகவே வந்து நிற்கிறது! பீபாப் ப்ளூஸை உயிரற்ற கணிதம் என்று குறைகூறுவோர் இந்த ஓர் இடத்தைப் பொறுமையோடு கேட்டால் போதும்.

பிற்பாதியில் உபாயம் வேறு. ஆறாம் பாரிலிருந்து ஜோடி ஜோடியாக வரும் கார்டுகளின் முதற்சுரங்கள் மத்யமம், அந்தர காந்தாரம், சாதாரண காந்தாரம் என்று பாருக்கு அரைச்சுரமாகச் சறுக்கி, ஒன்பதாம் பாரில் சதுச்ருதி ரிஷபத்தை அடைகின்றன. அங்கிருந்து பத்தில் பஞ்சமமும் பதினொன்றில் ஷட்ஜமும் வர, சம்பிரதாயமான முடிவு காத்திருக்கிறது. எட்டாம் பாரில் சாதாரண காந்தாரம் தானே ஒரு கார்டின் அடித்தளமாக நிற்பதைத் தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

மெட்டும் இதற்கு ஏற்பவே. மேல் ஷட்ஜத்திலிருந்து கார்டின் சுரங்கள் வழியே இறங்கத் தொடங்கும் அது, 'நவ்ஸ் தி டைம்' போல எந்தத் துணுக்கையும் திருப்பிச் சொல்லாமல் பன்னிரண்டு பார்களையும் கடக்கிறது. உடன் வாத்தியங்கள் இன்றி அதைத் தனியே வாசித்தாலும் கார்டுகளின் ஓட்டம் செவிக்கு எட்டும். அந்த அளவுக்கு ஹார்மனியை மெட்டே தன்மீது ஏற்றுக்கொண்டது.

முதல் ஐந்து பார்களின் வழி இந்த உருப்படிக்கு மட்டும் உரியதன்று. பார்க்கரின் 'கன்ஃபர்மேஷன்' என்னும் முப்பத்திரண்டு பார் உருப்படியின் தொடக்கமும் அதுவே. இதனால் அவர் பழைய ப்ளூஸைக் கைவிட்டார் என்று எண்ணலாகாது. 1948-இல் பதிவான 'பார்க்கர்ஸ் மூட்' மெதுவான காலப்பிரமாணத்தில், ஒரு பாடகர் நெஞ்சுருகப் பாடுவதுபோலவே அமைந்தது. புதிய வழியோ அவர் 1955-இல் மறைந்த பின்னும் பிறர் கையில் தொடர்ந்தது: பெல்ஜியத்தில் பிறந்த டூட்ஸ் தீல்மான்ஸ் 1962-இல் இயற்றிய 'ப்ளூசெட்', மூன்று அட்சர நடையில், பன்னிரண்டு பார்களை இருபத்து நான்காக விரித்துக்கொண்டு, ஏறக்குறைய அதே கார்டுகளின் வழியே மத்யமத்தைச் சென்றடைகிறது.