அடுக்களைத் தரையின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் கோட்டைகளையுமே நாம் எண்ணுகிறோம். ஆயின், நாள்தோறும் நம் காலடியிற் கிடக்கும் வரலாறு ஒன்றும் உண்டு. அது வீட்டுத் தரையின் வரலாறு. வீட்டின் பிற பகுதிகளைக் காட்டிலும் அடுக்களைத் தரையும் உண்ணும் இடத்துத் தரையும் மிகுதியாக உழைக்கின்றன. நீரும் எண்ணெயும் அவற்றின்மேற் சிந்துகின்றன. அம்மியும் ஆட்டுரலும் அவற்றின்மேல் அமர்ந்திருக்கின்றன. மேசை நம் வீடுகளுக்கு வருமுன், இலை விரிக்கும் இடமும் தரையாகவே இருந்தது. அத்தரையின் கதையை மாணவ நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

இவ்வெண்ணம் எனக்கு எழுந்த இடம் வடகரை. தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், அடவிநயினார் அணைக்கு அண்மையில் உள்ள ஊர் அது. குற்றாலத்திற் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் அங்கும் ஈரக்காற்று வீசும். துணியும் உலராது, தரையும் உலராது. அவ்வூரில் என் தமக்கையார் இல்லத்தில், அடுக்களைக்கும் உணவறைக்கும் புதிதாக வினைல் தரை அமைப்பது பற்றி ஒரு நாள் பேச்சு நடந்தது. தேக்கு நிறமா, கருங்கல் நிறமா என்று ஆடவர் நாங்கள் நெடுநேரம் வாதிட்டோம். தமக்கையார் ஒன்றும் பேசாமல் ஒரு செம்பு நீரைக் கொணர்ந்து மாதிரித் துண்டுகளின்மேல் ஊற்றினார். “ஈரக் காலோடு இதில் நடந்து காட்டுங்கள், நிறத்தைப் பிறகு பேசலாம்” என்றார். நாங்கள் வாயடைத்துப் போனோம்.

அவர் கேட்ட கேள்வி புதியதன்று. நம் முன்னோர் காலந்தோறும் கேட்டு வந்ததே அது.

மண் வீடுகளில் தரையை இடித்துக் கெட்டிப்படுத்திச் சாணத்தால் மெழுகினார்கள். மெழுக்கு புழுதியை அடக்கியது. சிறு வெடிப்புகளை மூடியது. அதற்கான பொருள் வீட்டிலேயே கிடைத்தது. பழுதுபட்டால் மறுநாளே புதுப்பிக்கவும் முடிந்தது. ஆனால் அது நீருக்கு நில்லாது. ஆகவே மீண்டும் மீண்டும் மெழுக வேண்டும். குனிந்து மெழுகிய கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளே. அவ்வுழைப்பு வரலாற்றில் பெரிதும் பேசப்படுவதில்லை.

வசதி படைத்தோர் இல்லங்களிலும் அரண்மனைகளிலும் சுண்ணாம்புக் காரைத் தளம் இடப்பட்டது. கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் காரையிற் சேர்த்து அரைப்பது தமிழ்நாட்டுக் கொத்தர்களின் மரபு. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்வோர், முகம் தெரியுமளவுக்குப் பளபளக்கும் கருந்தரையைக் கண்டு வியப்பர். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெண்கரு முதலியவற்றால் அது செய்யப்பட்டது என்பர். அதே அரண்மனையில் ஊட்டுப்புரை என்னும் ஈரடுக்கு உணவுக்கூடமும் உண்டு. பல நூறு பேர் ஒரே வேளையில் தரையில் அமர்ந்து உண்ட இடம் அது. திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அப்பகுதியும், வடகரைக்கு அருகிலுள்ள செங்கோட்டையும் 1956 நவம்பர் 1ஆம் நாள் ஒன்றாகத் தமிழகத்தோடு இணைந்தன.

1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதனோடு தரையின் வரலாற்றில் ஒரு புதிய இயல் தொடங்கியது. திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் 1949இல் சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கியது. சிமெண்டோடு சிவப்பு ஆக்சைடு பொடியைக் கலந்து, கரண்டியால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றிய சிவப்புத் தரையைத் தென்மாவட்டத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இன்றும் காணலாம். கால் படப்பட அது மேலும் பளபளக்கும். நீரைத் தாங்கும், மெழுகும் வேலையும் இல்லை. ஆயினும் வெடித்துவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் தனி நிறமாகத் தெரியும்.

செட்டிநாட்டில் ஆத்தங்குடி என்னும் ஊரின் கல் வேறொரு வழியைக் காட்டியது. இரும்புச் சட்டத்துள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேற் பூ வடிவ அச்சை நிறுத்தி, அறைதோறும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணற்சிமெண்டைத் தூவி, மேலே சாந்தை நிரப்புவர். உலர்ந்த கல்லை நீரில் ஊறவைத்துப் பின் கண்ணாடியைப் பிரிப்பர். நெருப்பே படாத இக்கல்லுக்குக் கண்ணாடியே மெருகைத் தந்துவிடுகிறது. வண்ணம் கனமான அடுக்காக இருப்பதால் எளிதில் தேய்ந்து மறைவதில்லை.

இனி வினைலுக்கு வருவோம். 1872இல் ஜெர்மனியில் பாமன் என்ற வேதியியலறிஞர், வெயிலில் வைத்த வினைல் குளோரைடு வாயு வெண்ணிறத் திடப்பொருளாக மாறியதைக் கண்டார். அது கடினமாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருந்தமையால் நெடுங்காலம் பயன்படவில்லை. 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் அதனை வளையும் பொருளாக்கினார். 1933இல் சிகாகோ கண்காட்சியில் வினைல் தரைவில்லைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் வந்த வில்லைகள் பலவற்றிற் கல்நார் கலந்திருந்தது. அது நுரையீரலுக்குக் கேடு என்று தெளிந்தபின் கைவிடப்பட்டது. மக்கள் விரும்பிய ஒரு தரைக்குள் நோயும் மறைந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இன்று லக்சுரி வினைல் என்று விற்கப்படுவது பல அடுக்குகளால் ஆனது. கீழே தாங்கும் அடுக்கு. நடுவே மரத்தையோ கல்லையோ போல அச்சிட்ட படம். அதன்மேல் தேய்மானத்தைத் தாங்கும் தெளிந்த படலம். கண்ணைக் கவர்வது படம், உழைப்பதோ படலம். அப்படலம் தேய்ந்து படமும் அழிந்தால் மீண்டும் மெருகேற்ற வழியில்லை. எனவே நடமாட்டம் மிகுந்த அடுக்களைக்கு 0.3 மில்லிமீட்டர் படலத்தினும் 0.5 மில்லிமீட்டர் படலம் ஏற்றது. வினைல் நீரால் ஊறாது. ஆனால் அடித்தளத்தில் ஈரம் தங்கினால் பசை விட்டுப்போகும். சாரல் நாட்டில் அடித்தளம் நன்கு உலர்ந்ததா என்று பார்த்த பின்னரே அதனைப் பதிக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அதன்மேல் வைத்தால் வடுப்படும். வழவழப்பானதைவிடச் சற்றுச் சொரசொரப்பான மேற்பரப்பே ஈரக் காலுக்குத் துணை.

தமக்கையார் இறுதியிற் சொரசொரப்பான ஒன்றையே தேர்ந்தார். சாரல் ஓய்ந்து தளம் உலரும்வரை இரண்டு மாதம் காத்திருந்தார். அம்மி இருந்த மூலையில் மட்டும் பழைய சிவப்புத் தரையை எடுக்க அவர் இசையவில்லை. “பாரத்தைத் தாங்கிப் பழகியது அதுதான்” என்றார்.

சாணம், காரை, சிமெண்டு, வினைல் எனப் பொருள்கள் மாறின. ஈரத்தைத் தாங்குமா, காலை வழுக்காதா, துடைக்கும் கைக்கு எளிதா என்னும் கேள்விகள் மாறவில்லை. இக்கேள்விகளை நன்கு அறிந்தவர் அத்தரையில் நின்று உழைப்பவரே. நாளை நீங்கள் வீடு கட்டும்போது, கடைக்காரரிடம் நிறம் கேட்குமுன், அடுக்களையில் நிற்பவரிடம் ஒரு சொல் கேளுங்கள். நம் முன்னோர் வீடுகளில் பெரும்பாலும் கேட்கப்படாமற்போன சொல் அது.