வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறீங்களா? மாத்திரைச் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க!

வீடு கிள்ளானில். அடுத்த மாதம் முதல் வேலை சிங்கப்பூரில். சம்பளம் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, எம்ஆர்டி நிலையம் பக்கமா என்று எல்லாம் விசாரித்துவிட்டீர்கள். சரி, தினமும் காலையில் போடும் மெட்ஃபோர்மின் மாத்திரை? அங்கே அதை யார் கொடுப்பார்கள்? என்ன விலை?

நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, தைராய்டு என்று தொடர்ந்து மருந்து தேவைப்படும் எந்த நோய் இருந்தாலும் இந்தக் கேள்வி உங்களுக்குத்தான். "அதெல்லாம் வயசானவங்க பிரச்சினை" என்று நினைக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்.

1 ரிங்கிட்டுக்குப் பின்னால் என்ன இருக்கு?

அரசாங்க கிளினிக்கில் மலேசியக் குடிமக்கள் கட்டுவது 1 ரிங்கிட். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்த்தால் 5 ரிங்கிட். மருந்தும் அதில் அடங்கும். மீதிச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. அதனால் நம்மில் பலருக்கு நாம் சாப்பிடும் மருந்தின் உண்மையான விலையே தெரியாது. வெளிநாட்டில் குடியேறியதும் அந்த மீதி உங்கள் பில்லில் வந்து நிற்கும்.

விலையை இங்கேயே தெரிந்துகொள்ள வழி உண்டு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு பார்மசிக்குப் போய், உங்கள் மருந்துகளின் ஒரு மாத விலையைக் கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டு விலை இதேபோல இருக்காதுதான். ஆனாலும் எந்த மருந்து கையைக் கடிக்கும் என்று புரிந்துவிடும். மெட்ஃபோர்மின், அம்லோடிபின் போன்ற பழைய மருந்துகள் பொதுவாக மலிவு. இன்சுலின் பேனா, புதிய வகை நீரிழிவு மாத்திரைகள் அப்படி இல்லை.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும்

சிங்கப்பூர்: பாலிகிளினிக்கின் அரசாங்கச் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் போகிறவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் டே சர்ஜரிக்கும் உரியது. மாதாமாதம் வாங்கும் மாத்திரை அதில் சேராது.

பிரிட்டன்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு 1,035 பவுண்டு. தாதியர் போன்ற சுகாதாரப் பணியாளர் விசாவுக்கு இது இல்லை. அதன் பிறகு டாக்டரைப் பார்ப்பது இலவசம். இங்கிலாந்தில் மட்டும் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்தும் இலவசம். இங்கிலாந்துக்கே போனாலும் ஒரு நல்ல செய்தி: நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மாத்திரை போடுபவர்கள், வலிப்பு நோய்க்குத் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் விலக்குச் சான்றிதழ் வாங்கலாம். அது இருந்தால் எல்லா மருந்தும் இலவசம். ஆஸ்துமாவும் இரத்த அழுத்தமும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆஸ்திரேலியா: அங்குள்ள மெடிகேர் திட்டத்தில் மலேசியர்களுக்கு ஒப்பந்தம் வழியான சலுகை கிடையாது. மாணவர்கள் கட்டாயம் ஓஎஸ்எச்சி காப்புறுதி எடுக்க வேண்டும். ஏற்கனவே இருக்கும் நோய்க்கு அதில் 12 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. மருந்துக்குக் கிடைக்கும் தொகைக்கும் வரம்பு இருக்கிறது.

எந்த நாடானாலும் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் எச்ஆரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வெளிநோயாளர் சிகிச்சைக்குக் காப்புறுதி உண்டா? ஏற்கனவே இருக்கும் நோய் அதில் சேருமா? மருந்துக்கு ஆண்டு வரம்பு எவ்வளவு?

பெட்டியில் எத்தனை நாள் மருந்து?

சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சொந்தத் தேவைக்கு மூன்று மாத மருந்து வரை கொண்டுபோகலாம். ஜப்பானுக்குப் பொதுவாக ஒரு மாதம். கடுமையான வலி நிவாரணி, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு விதிகள் வேறு. உதாரணத்துக்கு, டிரமடோல் இங்கே டாக்டர் எழுதிக் கொடுத்ததாக இருந்தாலும், ஐக்கிய அரபு சிற்றரசுக்குக் கொண்டுபோக முன் அனுமதி தேவை.

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்வார்கள். கையில் உள்ள மருந்து தீர்ந்துவிடும்; புது ஊரில் இன்னும் டாக்டரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த இடைவெளி வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். அரசாங்க கிளினிக்கில் கேட்டவுடன் மூன்று மாத மருந்து கொடுத்துவிட மாட்டார்கள். எனவே பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் தேதியைச் சொல்லுங்கள். கிளினிக்கில் கிடைக்காத மீதியைப் பார்மசியில் வாங்க மருந்துச்சீட்டு கேளுங்கள். போய் இறங்கிய முதல் வாரத்திலேயே அங்குள்ள டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

• டாக்டரின் கடிதம், ஆங்கிலத்தில். நோய், மருந்தின் பொதுப் பெயர், அளவு மூன்றும் இருக்கட்டும். பிராண்ட் பெயர் மட்டும் போதாது, அது நாட்டுக்கு நாடு மாறும்.

• அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகள். இங்கே சர்க்கரை அளவை மில்லிமோலில் சொல்கிறோம்; இந்தியா, அமெரிக்காவில் மில்லிகிராமில். 18ஆல் பெருக்கினால் போதும். இங்கே 7 என்றால் அங்கே 126. பயந்துவிடாதீர்கள்!

• மருந்து அதன் அசல் பெட்டியிலேயே, கையில் கொண்டுபோகும் பையில். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட வேண்டாம், உறைந்துபோனால் வீண்.

காசு பத்தலைன்னா?

மாத்திரையைப் பாதியாக உடைப்பது, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது இரண்டும் வேண்டாம். டைப் 1 நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "இது எனக்குக் கட்டுப்படியாகலை, விலை குறைஞ்ச மருந்து இருக்கா?" பெரும்பாலும் மாற்று வழி இருக்கும்.

அம்மாவிடம் சொல்லித் தபாலில் அனுப்பச் சொல்லலாமா? பல நாடுகளில் அதற்கும் கட்டுப்பாடு உண்டு, சுங்கத்தில் நின்றுவிடலாம். அதைவிட, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது உங்கள் பழைய கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். எங்கே வேலை பார்த்தாலும் நீங்கள் மலேசியக் குடிமகன்தான். அடையாள அட்டையைக் காட்டினால், அதே 1 ரிங்கிட்.