மாய வாத்தும் பாலைவன ஆமையும்

புறம்போக்கு என்றால் நமக்கு வசவு. உண்மையில் அது பாவம், ரெவின்யூ டிபார்ட்மென்ட் வார்த்தை. யார் பேரிலும் பட்டா இல்லாமல் அரசாங்கக் கணக்கில் கிடக்கிற நிலம். எல்லாருக்கும் சொந்தம். அதனாலேயே ஒருத்தரும் அதைத் தன்னுடையதாக நினைப்பதில்லை. குப்பை கொட்டுவோம். மாடு கட்டுவோம். கொஞ்சம் செல்வாக்கு இருந்தால் கல்யாண மண்டபமே கட்டிவிடுவோம்.

அமெரிக்காவிலும் புறம்போக்கு உண்டு. சாதாரணப் புறம்போக்கு இல்லை. சுமார் 24.5 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப்போல் ஏழரை மடங்கு. (ஏழரை என்று வந்தது தற்செயல்தான். ஆனால் பொருத்தம்.) 1862-ல் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். வாருங்கள், 160 ஏக்கர் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருடம் அங்கேயே இருந்து உழுது காட்டுங்கள், நிலம் உங்களுக்கே. ஜனங்கள் ஓடிப்போய் நல்ல நிலமாகப் பார்த்து வளைத்துக்கொண்டார்கள். தண்ணீர் இல்லாத இடம், பாறை, பாலைவனம் இதெல்லாம் இலவசமாகக் கொடுத்தும் போணியாகவில்லை. அப்படி மிஞ்சிய நிலத்தைக் கவனிக்க 1946-ல் ஓர் இலாகா உண்டாக்கினார்கள். பீரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட். சுருக்கமாக பி.எல்.எம்.

இந்த இலாகாவின் கையில் இருந்த இடங்களில் ஒன்று, கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனம். லாஸ் ஏஞ்சலீஸில் காலை டிபன் சாப்பிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். பிரச்னை அங்கேதான் ஆரம்பம்.

1960-களின் கடைசியில் ஜப்பான்காரன் புண்ணியத்தில் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் மலிந்துவிட்டது. 1968-ல் யமஹா டிடி-1 என்று ஒரு வண்டி வந்தது. ரோட்டிலும் ஓடும், மேட்டிலும் ஏறும். ஃபேக்டரியில் வாரம் முழுக்க ஸ்பேனர் பிடித்தவனுக்கு சனி, ஞாயிறு போக ஓர் இடம் வேண்டாமா? பாலைவனம் சும்மாதானே கிடக்கிறது? டிக்கெட் இல்லை. சிக்னல் இல்லை. கேட்பாரும் இல்லை.

அந்தக் கூட்டத்தின் தேர்த்திருவிழா என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது பார்ஸ்டோ - வேகாஸ் பந்தயம். 1967-ல் தொடங்கியது. வருடாவருடம் நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையை ஒட்டி வரும் சனிக்கிழமை. பார்ஸ்டோ என்கிற சின்ன ஊரின் பக்கத்திலிருந்து சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸ் பக்கம் வரை, சுமார் 250 கிலோமீட்டர், பாலைவனத்தை ஊடறுத்துக்கொண்டு.

தொடக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? எல்லா வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நீள வரிசையில் நிற்கும். இன்ஜின் ஆஃப். ஒரு கொடி இறங்கும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கிக்கரை உதைப்பார்கள். தொலைவில் பழைய டயர்களைக் கொளுத்திக் கரும்புகை எழுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்து விரட்ட வேண்டும். அதுதான் வழிகாட்டிப் பலகை! 1974-ம் வருடம் அப்படி உதைத்தவர்கள் சுமார் 3,000 பேர்.

முன்னால் போகிறவன் கிளப்புகிற புழுதியில் பின்னால் வருகிறவனுக்கு எதுவும் தெரியாது. என்ன செய்வான்? கொஞ்சம் ஒதுங்கிப் புதுத் தடத்தில் போவான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் இன்னும் கொஞ்சம் ஒதுங்குவான். இப்படியே ஒதுங்கி ஒதுங்கி, ஒற்றையடிப் பாதையாக இருக்க வேண்டியது உழுத வயல் மாதிரி ஆகிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. 3,000 பேர் செய்தார்கள், அவ்வளவுதான்.

'மண்ணுதானே சார், மழை பெய்தால் சரியாகிவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. 1942-ல் ஜெனரல் பேட்டன், ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரோடு மோதுவதற்காக இதே கலிஃபோர்னியா - அரிஸோனா பாலைவனத்தில் டாங்கிகளை ஓட்டிப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் முடிந்து, பேட்டன் செத்து, அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அந்த டாங்கித் தடங்கள் அங்கே அப்படியே கண்ணுக்குத் தெரிந்தன. பாலைவன மண்ணின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு மெல்லிய ஓடு கட்டியிருக்கும். மண் பறக்காமல் பிடித்துவைத்திருப்பது அதுதான். சக்கரம் ஏறினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மறுபடி கட்டப் பல பத்தாண்டுகள் வேண்டும். அடியில் இருக்கும் மண்ணோ இறுகிக் கெட்டிப்படும். விதை வேர் பிடிக்காது. எப்போதாவது பெய்கிற மழையும் உள்ளே இறங்காமல் ஓடி, அந்தத் தடத்தையே ஓடையாக அரித்துக்கொண்டு போகும்.

அதே பாலைவனத்தின் ஜான்சன் பள்ளத்தாக்குப் பக்கம் கிரியோஸோட் என்று ஒரு புதர். பார்த்தால் நம் ஊர் வேலிக்காத்தானுக்கு இருக்கிற மரியாதைகூடக் கொடுக்கத் தோன்றாது. அதில் ஒன்றின் வயது சுமார் 11,700 வருடம் என்று 1980-ல் விஞ்ஞானிகள் கணக்குச் சொன்னார்கள். நடுத்தண்டு செத்து, சுற்றிலும் அதே வேரிலிருந்து கிளைத்து, வட்டமாகப் பரவிக்கொண்டே வந்திருக்கிறது. எகிப்து பிரமிடு அதற்குப் பேரன் வயசு.

சரி, அரசாங்கம் என்ன செய்தது?

1972 பிப்ரவரி 8-ம் தேதி ஜனாதிபதி நிக்ஸன் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். எண் 11644. நாட்டில் சுமார் 50 லட்சம் காட்டு வண்டிகள் ஓடுகின்றன என்று சொல்லிவிட்டு, பொது நிலத்தில் எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று ஒவ்வொரு இலாகாவும் பிரித்து அறிவிக்க வேண்டும், மண்ணுக்கும் விலங்குகளுக்கும் வருகிற சேதத்தைக் குறைக்க வேண்டும் என்றது அந்த ஆணை. வாட்டர்கேட் ஆசாமியா என்று ஆச்சரியப்படாதீர்கள். அமெரிக்காவின் முக்கியமான சுற்றுச்சூழல் சட்டங்கள் பல அவர் காலத்தில் வந்தவைதான். 1977-ல் கார்ட்டர் இன்னும் ஒரு திருகு திருகினார். பெரும் சேதம் நடக்கிற இடத்தை உடனே மூடு!

ஆணை பிரமாதம். அமல்படுத்த ஆள்?

இங்கேதான் வேடிக்கை. பி.எல்.எம். என்பது நில ரெஜிஸ்டரையும் ஆடு மாடு மேய்ச்சல் வரியையும் பார்த்துக்கொள்ளப் பிறந்த இலாகா. தப்புச் செய்தவனைப் பிடித்து நிறுத்த முழுமையான போலீஸ் அதிகாரத்தை நாடாளுமன்றம் அதற்குக் கொடுத்ததே 1976-ல்தான். நாலு வருடம் விதி இருந்தது, விசில் ஊத ஆள் இல்லை.

அந்த இடைவெளியில் ஒரு வாத்து வந்தது.

1974 பந்தயம் முடிந்ததும் சேதத்தை அளந்து பார்த்த பி.எல்.எம்., 1975-ல் பார்ஸ்டோ - வேகாஸ் பந்தயத்துக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டது. பைக்காரர்களுக்குக் கோபம். 'பாலைவனத்தின் மாய வாத்து' என்ற புனைபெயரில் ஓர் ஆசாமி கிளம்பினார். பந்தயம் இல்லையா? சரி, பந்தயம் வேண்டாம். நன்றி தெரிவிக்கும் நாள் வாரத்தில் பார்ஸ்டோவில் தற்செயலாகச் சந்திப்போம். அவரவர் வண்டியில், அவரவர் இஷ்டப்படி, லாஸ் வேகாஸுக்குப் போவோம். நடத்துகிறவர் இல்லை, பரிசு இல்லை. யாருக்கு அனுமதி மறுப்பீர்கள்?

1975 முதல் 1982 வரை, பந்தயம் இல்லாத அத்தனை வருடமும் வாத்தின் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது.

எனக்கு அந்த வாத்தை முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை. நிலம் எங்களுடையது என்று அவர் சொன்னதில் பொய் இல்லையே. கம்பெனிக்கோ ஜமீனுக்கோ சொந்தமான இடம் இல்லை. ஆனால் நிலம் எங்களுடையது என்று சொல்லும் உரிமை சைக்கிளில் வருகிறவனுக்கும், நடந்து வருகிறவனுக்கும், ஒன்றுமே செய்யாமல் அங்கே ஒரு பாலைவனம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே சந்தோஷப்படுகிறவனுக்கும் உண்டு. ஒருத்தன் அனுபவித்த பிறகு அடுத்தவன் அனுபவிக்க அதில் ஏதாவது மிச்சம் இருக்குமா? அந்தக் கேள்விக்கு வாத்திடம் பதில் இல்லை.

கோர்ட்டிடமும் தெளிவான பதில் இல்லை. டவ் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு பள்ளத்தாக்கு. 1973-ல் பி.எல்.எம். அதன் பெரும்பகுதியை எப்படி வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று திறந்துவிட்டிருந்தது. மண் அரித்து, செடி அழிந்து, இடம் நாசம். கார்ட்டர் ஆணைப்படி மூடு என்று சியரா கிளப் வழக்குப் போட்டது. 1985-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: சேதம் உண்மைதான். ஆனால் அது பெரும் சேதமா என்று அந்த ஒரு பள்ளத்தாக்கை வைத்துப் பார்க்காமல் கலிஃபோர்னியாப் பாலைவனம் முழுவதையும் வைத்துப் பார்ப்பதாக இலாகா சொல்கிறது, அதைத் தப்பென்று சொல்ல முடியாது. நான் பி.காம். படித்தவன். வகுக்கிற எண் பெரிதானால் எந்த நஷ்டத்தையும் தசம ஸ்தானத்துக்குள் ஒளித்துவிடலாம் என்பது எங்களுக்கு முதல் வருடமே தெரிந்துவிடும்.

ஆனால் அதே கலிஃபோர்னியாவில் கணக்குத் தெரிந்த இரண்டு பேரும் இருந்தார்கள். ஜீன் சாப்பி, எட்வின் ஸ்பர்க். இருவரும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள். சாப்பி ரிபப்ளிகன், ஜீப் பிரியர். ஸ்பர்க் டெமாக்ரட், இயற்கைப் பாதுகாப்புக்காரர். கீரியும் பாம்பும் சேர்ந்து 1971-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். காட்டு வண்டி வைத்திருக்கிறாயா? பதிவு செய், கட்டணம் கட்டு. அந்தப் பணமும், அந்த வண்டிகள் குடிக்கிற பெட்ரோல் மீதான வரியில் ஒரு பங்கும் தனி நிதிக்குப் போகும். அதிலிருந்து ஓட்டுவதற்கென்றே இடங்கள் உருவாக்குவது, கெட்ட இடத்தைச் சீர்செய்வது, காவலுக்கு ஆள் போடுவது. வண்டியில் பச்சை ஸ்டிக்கர் இருந்தால் பணம் கட்டியவன் என்று அர்த்தம். ஓட்டுகிறவன் பணத்திலேயே அவனைக் கண்காணிக்க ஆள். அவனுக்கு ஓட்ட இடமும் உறுதி. இந்தத் திட்டம்தான் பல பத்தாண்டு நிலைத்தது.

1983-ல் பார்ஸ்டோ - வேகாஸ் பந்தயம் திரும்ப வந்தது. இந்த முறை 1,200 பேருக்கு மேல் கிடையாது, குறித்த தடத்தில்தான் போக வேண்டும். ஏழு வருடம் ஓடியது. அப்புறம் குறுக்கே ஓர் ஆமை.

மொஹாவி ஆமை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை வளைக்குள்தான் கழிக்கும். முட்டையிடும் பருவத்துக்கு வரவே பதினைந்து, இருபது வருடம் ஆகும். மழை பெய்யும்போது குடிக்கிற தண்ணீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்துவைத்து மாதக்கணக்கில் தாங்கும். ஆசையாகக் கையில் தூக்கினீர்கள் என்றால் பயத்தில் அதை வெளியே விட்டுவிடும். அந்த வருடக் கோடையில் தாகத்தால் செத்தும் போகலாம். நவம்பர் கடைசியில் அது உள்ளே தூங்குமே, பந்தயத்தால் என்ன கஷ்டம் என்றால், வளையின் மேல் சக்கரம் ஏறினால் கூரை இடியும். வசந்தத்தில் எழுந்து வந்தால் தின்னச் செடி இருக்காது.

ஆமைகள் குறைந்ததற்கு பைக் மட்டும் காரணம் இல்லை. நுரையீரல் நோய், குஞ்சுகளைக் கொத்துகிற அண்டங்காக்கை, மேய்ச்சல், வீடு கட்டுவது என்று பட்டியல் நீளம். ஆனால் 1989 ஆகஸ்டில் அவசரமாகவும் 1990 ஏப்ரலில் முறைப்படியும் ஆமையைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக அறிவித்ததும், எளிதாக நிறுத்தக்கூடியதாக இருந்தது பந்தயம். 1989-ல் ஓடியதுதான் கடைசி.

எல்லாம் சட்டப்படி முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிட முடியாது. 2010 ஆகஸ்ட் 14. அந்தக் கிழட்டுப் புதர் இருக்கிறது என்றேனே, அதே ஜான்சன் பள்ளத்தாக்கு. பி.எல்.எம். அனுமதியோடு நடந்த ஒரு டிரக் பந்தயம். பார்வையாளர்கள் தடத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. இரவில், புழுதிக்குள், ஜனங்கள் கை நீட்டினால் வண்டியைத் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். தடுப்பு இல்லை. ஒரு மேட்டில் தாவிய டிரக் நிலைதடுமாறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டுப் பேர் செத்தார்கள். தன்னுடைய விதிகளைத் தானே சரியாகப் பின்பற்றவில்லை என்று பி.எல்.எம். சில மாதம் கழித்து ஒப்புக்கொண்டது.

2010-களில் அந்த இலாகாவிடம் நாடு முழுக்க இருந்த ரேஞ்சர்கள் இருநூற்றுச் சொச்சம். தலைக்குச் சுமார் பத்து லட்சம் ஏக்கர். மதுரை மாவட்டத்தைவிடப் பெரிய ஓர் இடத்துக்கு ஒரே ஒரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டு அதில் எவன் தடம் மாறினான் என்று கேட்கிற கதை.

பந்தயம் போனாலும் அந்த வழியில் வண்டிகள் ஓடாமல் போகவில்லை. பழைய பந்தயத்தோடு சம்பந்தப்பட்ட அதே மோட்டார் சைக்கிள் சங்கம் 1980-களிலேயே இன்னொன்றையும் தொடங்கியிருந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் கிளம்பி, பார்ஸ்டோ வழியாக லாஸ் வேகாஸுக்கு, இரண்டு நாள் பயணம். அதே நவம்பர் விடுமுறை. நம்பர் பிளேட், விளக்கு, லைசென்ஸ் எல்லாம் உள்ள வண்டிகள் மட்டும். ஏற்கெனவே இருக்கிற ரோடும் தடமும் மட்டும். 1974-ல் பந்தயம் ஓட்டியவனுக்கு இது சப்பென்றுதான் இருந்திருக்கும். ஆனாலும் அது நாற்பது வருடத்தைத் தொட்டுவிட்டது. முதலில் வந்து சேர்ந்தவர் யார் என்று அங்கே யாரும் குறித்துக்கொள்வதில்லை.