யானை வரும் வழியில் கமரா: எந்தப் பற்றரி தாக்குப்பிடிக்கும்?

யானை அழிவு பற்றி எழுத வன்னிக்குப் போகும்போது, மீள்குடியேறிய கிராமங்களில் அண்மைக்காலமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். தோட்டத்து எல்லையில் ட்றெயில் கமரா கட்டினால் அதற்கு என்ன பற்றரி போடுவது? யானை எந்தப் பக்கத்தால், எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று தெரிந்தால்தான் காவற்பரணை எங்கே போடுவது என்று முடிவெடுக்கலாம். யானை வரும் இரவில் பற்றரி செத்திருந்தால் கமரா மரத்தில் தொங்கும் வெறும் பெட்டி.

இந்தக் கமரா பெரும்பாலான நேரம் உறங்கும். சூடான உடலொன்று முன்னால் அசைந்தால் விழித்துப் படமெடுக்கும். பகற்படத்துக்குச் செலவு குறைவு. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியவேண்டும், அங்கேதான் பற்றரி களைக்கிறது. பகலில் தெளிவாகவும் இரவில் இருண்டும் படம் வந்தால் கமராவைக் குறைசொல்லமுன் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

கடையில் இலகுவாகக் கிடைப்பது அல்கலைன் ஏஏ பற்றரி. புதிதில் 1.5 வோல்ற் தரும், பாவிக்கப் பாவிக்க இறங்கிக்கொண்டே போகும். எங்கள் வெக்கையில் நீண்டநாள் விட்டால் கசிந்து முனைகளை அரித்தும் விடும். ஒருமுறை பாவிக்கும் லித்தியம் ஏஏ விலை கூட. ஆனால் கடைசிவரை ஏறக்குறைய 1.5 வோல்ற்றிலேயே நிற்கும், பாரமும் குறைவு. அடிக்கடி போய்ப் பார்க்கமுடியாத இடத்துக்கு நான் சொல்வது இதைத்தான். திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் பற்றரி 1.2 வோல்ற்தான். எட்டைத் தொடராக அடுக்கினால் 12 வோல்ற்றுக்குப் பதில் 9.6 கிடைக்கும். சில கமராக்கள் அதை ஏற்கும், சில அடம்பிடிக்கும். கையேட்டைப் பாருங்கள். எதுவானாலும் பழையதையும் புதியதையும் கலக்கக்கூடாது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிக்கே தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இந்தக் கணக்கெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கைத்தொலைபேசிக்குப் படம் அனுப்பும் கமரா என்றால் ஏஏ பற்றரி கட்டுபடியாகாது. சிக்னல் குறைந்த இடத்தில் அது இன்னும் கூடுதலாக மின்னைத் தின்னும். வெளியிலிருந்து 12 வோல்ற் பற்றரி கொடுப்பதே வழி. 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்றை எடுப்போம். ஆயுள் குறையாமலிருக்க அதில் பாதியைத்தான் பாவிக்கலாம், அதாவது 3500 மில்லி அம்பியர்-மணி. கமரா சராசரியாக 10 மில்லி அம்பியர் இழுத்தால் நாளுக்கு 240, ஆக இரண்டு கிழமை. இணைக்கமுன் கமரா கேட்பது 6 வோல்ற்றா 12 வோல்ற்றா, நேர்முனை எது என்று பாருங்கள். மாறிக் கொடுத்தால் கமரா எரிந்துபோகலாம். யானை வேலிக் கம்பியில் இணைப்பு எடுக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அதில் துடிப்பது ஆயிரக்கணக்கான வோல்ற்.

சோலர் தகடு கோடையில் அருமை. நாங்கள் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பதால் தகட்டைத் தெற்குப் பார்த்து லேசாகச் சரித்துக் கட்டவேண்டும், தூசியும் மழையோடு வழிந்துவிடும். பாலை மர நிழலுக்குள் வைத்துப் பயனில்லை. மாரியில், அதுவும் கார்த்திகை, மார்கழியில் வானம் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். அந்த நாட்களைத் தாங்குமளவு பற்றரி பின்னால் இருந்தால் மட்டும் சோலரை நம்பலாம். தகடு வெயிலில் மின்னினால் கள்ளர் கண்ணிலும் படும். வயரைக் குழாய்க்குள் விடாவிட்டால் குரங்கு பிய்க்கும், பெட்டி ஓட்டையை அடைக்காவிட்டால் எறும்பு குடியேறும்.

கமரா முன்னால் ஆடும் புல்லையும் கொப்பையும் வெட்டிவிடுங்கள். வெயிலில் சூடேறிய புல் அசைந்தால் கமரா வீணாக விழித்து நூற்றுக்கணக்கில் படமெடுக்கும். வீடியோவை விட ஒற்றைப்படம் சிக்கனமானது.

இடம் தேடி மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் போகவேண்டாம். யானை நடந்த தடம் என்பதற்காக அது பாதுகாப்பான பாதை ஆகாது. வனப்பகுதி என்றால் உரிய திணைக்களத்தின் அனுமதி தேவை. கமரா எங்கே இருக்கிறது என்று கிராம அலுவலருக்கும், விறகுக்கும் குளிக்கவும் அந்த வழியால் போகும் பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒளிந்திருக்கும் கமரா எங்கள் சனத்துக்கு வேறு ஞாபகங்களைக் கொண்டுவரும்.